‘பார்க்கலாம்’ என்று எத்தனை வருடம் சொல்வது?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 34 வயது. நல்ல வேலை, கடன் இல்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. ‘உனக்கென்ன குறைச்சல்’ என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அதுதான் எனக்கும் புரியவில்லை. ஒன்பது வருடத்தில் நான்கு வேலை மாறிவிட்டேன். இப்போதைய வேலை பிடித்திருக்கிறது. ஆனாலும் ராத்திரி படுக்கும்போது போனில் வேறு வேலைகளை ஒரு சுற்று பார்க்காமல் தூக்கம் வருவதில்லை. ஆசையாக வயலின் வாங்கினேன், ஆறு மாதத்தில் விட்டுவிட்டேன். பணம் கட்டிய மூன்று ஆன்லைன் கோர்ஸ் பாதியில் நிற்கின்றன. ஐந்து வருடமாக ஒருவருடன் பழகுகிறேன். நல்லவர். கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் அவர், ‘வேண்டாம் என்று சொன்னால்கூடத் தாங்கிக்கொள்வேன், இந்தப் பார்க்கலாமைத்தான் தாங்க முடியவில்லை’ என்றார். அம்மா தன் கல்யாணத்தில் முப்பது வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். எதற்கும் கட்டுப்படாமல் இருந்தால் சந்தோஷமாக இருக்கலாம் என்று நினைத்தேன். அதுவும் நடக்கவில்லை. கமிட்மென்ட் இருந்தால்தான் சந்தோஷம் வருமா, சந்தோஷம் இருந்தால்தான் கமிட்மென்ட் வருமா? என்னிடம்தான் கோளாறா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வணக்கம். கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், கோளாறு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஒன்பது வருடத்தில் நான்கு வேலை என்பது இன்று யாரையும் திடுக்கிட வைக்கிற கணக்கு இல்லை. பாதியில் நிற்கும் கோர்ஸ், பணம் கட்டிய எல்லோரிடமும் ஒன்றிரண்டு இருக்கும். வயலினை ஆறு மாதத்தில் விடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஆறாவது மாதத்தில் அது வாசிக்கிறவருக்கும் சோதனை, பக்கத்து அறையில் இருப்பவருக்கும் சோதனை.

எனக்கு உறுத்தியது வேறு. வயலின், கோர்ஸ், வேலை, அவர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில், ஒரே பட்டியலாக எழுதியிருக்கிறீர்கள். ‘எதிலும் நிலைக்காதவள்’ என்று உங்களுக்கு நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டு, அதற்கு ஆதாரம் திரட்டியதுபோல இருக்கிறது. வயலினை விட்டதற்கும் ஒரு மனிதருக்கு ஐந்து வருடமாகப் பதில் சொல்லாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதனால் முதலில் அந்தப் பட்டியலைப் பிரித்துவிடுவோம். வயலின் விஷயத்தைப் பிறகு பேசுகிறேன்.

கமிட்மென்ட் முதலா, சந்தோஷம் முதலா என்ற கேள்விக்கு ஆராய்ச்சிகள் தரும் பதில், இரண்டு திசையிலும் நடக்கிறது என்பதுதான். அமெரிக்க உளவியலாளர் கேரில் ரஸ்பல்ட் 1980களில் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ஓர் உறவில் ஒருவர் எவ்வளவு உறுதியாக நிற்கிறார் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது என்றார். அந்த உறவில் கிடைக்கும் திருப்தி, அதற்காக இதுவரை கொடுத்தவை, வெளியே இருப்பதாகத் தோன்றுகிற மாற்று வழிகள். ஆக, திருப்தி கூடினால் பிடிப்பும் கூடுகிறது. உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி சரிதான்.

முதல் பாதியும் சரி என்று காட்டுகிற ஆய்வு ஒன்று உண்டு. டேனியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் என்ற இருவர் 2002இல் வெளியிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் புகைப்படப் பயிற்சி வைத்தார்கள். மாணவர்கள் தங்களுக்குப் பிடித்ததைப் படம் எடுத்து, இருட்டறையில் தாங்களே நின்று இரண்டு படங்களை நல்ல பிரிண்டாகப் போட்டு முடித்தார்கள். அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்கள்: ‘ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், மற்றதை எங்களிடம் கொடுத்துவிட வேண்டும்.’ ஒரு பிரிவினருக்குச் சில நாள் அவகாசம் இருந்தது, மனம் மாறினால் படத்தை மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு பிரிவினருக்கு எடுத்தது எடுத்ததுதான். பிறகு கேட்டுப் பார்த்தபோது, மாற்ற வழியே இல்லாதவர்கள்தான் கையில் இருந்த படத்தை அதிகம் விரும்பினார்கள். மாற்றிக்கொள்ளலாம் என்று விடப்பட்டவர்களுக்குத் தங்கள் படத்தின்மேல் அந்த அளவு விருப்பம் வரவில்லை.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது அடுத்த பகுதிதான். எந்தப் பிரிவில் சேர விரும்புகிறீர்கள் என்று வேறு மாணவர்களைக் கேட்டபோது, பெரும்பாலோர் மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள பிரிவையே கேட்டார்கள். எது தங்கள் திருப்தியைக் குறைக்குமோ அதையே விரும்பிக் கேட்டார்கள். ‘எதற்கும் கட்டுப்படாமல் இருந்தால் சந்தோஷமாக இருக்கலாம் என்று நினைத்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தவறான கணக்கைப் போட்டது நீங்கள் மட்டும் இல்லை.

ஏன் இப்படி? முடிந்துபோன விஷயத்தோடு மனசு சமாதானம் ஆகிவிடும். அதில் இருக்கிற நல்லதைத் தேடிப் பிடிக்கும். இன்னும் முடிவாகாத விஷயத்தில் அந்த வேலையை அது தொடங்குவதே இல்லை, ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். உறவுகளிலும் இதே கதைதான். டென்னிஸ் ஜான்சனும் ரஸ்பல்ட்டும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் துணையோடு உறுதியாக இருந்தவர்கள் வேறு கவர்ச்சியான நபர்களுக்குக் குறைவாகவே மதிப்பெண் போட்டார்கள். வெளியே அழகானவர்கள் இல்லை என்பதில்லை. ஒரு முடிவில் நிற்கிறவருடைய கண் அப்படிப் பார்க்கப் பழகிவிடுகிறது. ‘இவர்தான் சரியானவர் என்று நிச்சயம் ஆகட்டும், பிறகு சொல்கிறேன்’ என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்றால், அந்த நிச்சயத்தில் ஒரு பங்கு சொன்ன பிறகுதான் வரும்.

ராத்திரி போனில் வேறு வேலைகளைத் தேடிப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மதியம் நான்கு மணி மீட்டிங்கில் நீங்கள் தயாரித்ததை மேலாளர் பாதியிலேயே நிறுத்தி, ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிவிடுகிறார் என்று வையுங்கள். இந்த வேலையில் இருக்கப்போகிறேன் என்று முடிவு செய்த ஒருவர் அன்று மாலையோ மறுநாளோ அவரிடம் போய், ‘எதில் திருப்தியில்லை, சொல்லுங்கள்’ என்று கேட்பார். வாக்குவாதமே வந்தாலும், இரண்டு பேருக்கும் இடையில் ஏதோ ஒன்று நகரும். நீங்கள் என்ன செய்வீர்கள்? ‘இன்னும் எத்தனை நாளைக்கு’ என்று பேசாமல் வந்துவிடுவீர்கள். ராத்திரி போனைத் திறப்பீர்கள். அங்கே ஒரு விளம்பரம் இருக்கும். பதவியின் பெயர், சம்பளம், மூன்று வரி வாக்குறுதி. அந்த விளம்பரத்தில் நான்கு மணி மீட்டிங் இருக்காது. மேலாளர் இருக்க மாட்டார். உங்கள் நிஜ வேலையை அதன் அத்தனை அழுக்கோடும் எடுத்து, மூன்று வரி விளம்பரத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறீர்கள். எந்த வேலை இதில் ஜெயிக்கும்?

இதோடு நிற்பதில்லை. எப்படியும் போகப்போகிறோம் என்று நினைக்கிறவர் பெரிய பொறுப்பைக் கேட்டு வாங்க மாட்டார். புதிதாக வந்தவருக்கு உட்கார்ந்து சொல்லித்தர மாட்டார். கூட வேலை செய்கிறவர்களிடம் அளவாகத்தான் பழகுவார். ஒரு வருடம் இப்படிப் போனால் அந்த வேலை நிஜமாகவே வெறுமையாகிவிடும். அப்போது, ‘பார்த்தாயா, எனக்கு முன்னமே தெரியும், இதில் ஒன்றுமில்லை’ என்று தோன்றும். அரை மனதோடு இருந்ததால் வந்த வெறுமையை வேலையின் குணம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவோம். அங்கேயும் அதே அரை மனதுதான் கூட வரும். இந்தச் சுற்று உங்கள் நான்கு வேலையிலும் நடந்ததா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

தேடிக்கொண்டே இருந்தால் நல்லது கிடைக்காதா என்றால், கிடைக்கும். பொய் சொல்லக் கூடாது. ஷீனா ஐயங்கார், ரேச்சல் வெல்ஸ், பாரி ஷ்வார்ட்ஸ் மூவரும் படிப்பை முடித்து வேலை தேடும் மாணவர்களைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ‘இருப்பதிலேயே சிறந்தது வேண்டும்’ என்று கடைசிவரை அலசுகிறவர்களுக்கு மற்றவர்களைவிட 20 சதவீதம் கூடுதல் ஆரம்பச் சம்பளம் கிடைத்தது. ஆனால் கிடைத்த வேலையில் திருப்தி குறைவாக இருந்ததும், தேடும்போது அதிகம் வாடியதும் அவர்கள்தான். சம்பளம் மட்டும்தான் கணக்கு என்றால் அவர்கள் செய்தது சரி. நீங்கள் எனக்கு எழுதியது சம்பளத்தைப் பற்றி இல்லை.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு, ‘அப்படியென்றால் எதையாவது பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றுவிட வேண்டும் போல’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்ப்பக்கத்திலும் வலுவான ஆதாரம் இருக்கிறது. ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதார அறிஞர் ஓர் இணையதளம் தொடங்கினார். வேலையை விடலாமா, உறவை முறித்துக்கொள்ளலாமா என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறவர்கள் அங்கே வந்து பூவா தலையா போட்டுப் பார்க்கலாம். 20,000 தடவைக்கு மேல் காசு சுண்டப்பட்டது. எல்லோரும் காசு சொன்னபடி செய்யவில்லை என்றாலும், ஒரு பங்கினர் செய்தார்கள். ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது, பெரிய விஷயங்களில் மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள், இருந்தபடியே இருந்தவர்களைவிடச் சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னார்கள். 2021இல் இது ஆய்விதழில் வெளிவந்தது. காசு சுண்டிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டவர்கள் ஏற்கெனவே பாதி வெளியே போனவர்கள்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இருந்தாலும், மனிதர்கள் விட வேண்டியதை விடாமல் இழுத்தடிக்கிறார்கள் என்பதற்கு இது நல்ல சாட்சி.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முரண்போலத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. புகைப்பட ஆய்வில் நல்லபடியாக இருந்தவர்கள் முடிவானதை ஏற்றுக்கொண்டு நின்றவர்கள். காசு சுண்டிய ஆய்வில் நல்லபடியாக இருந்தவர்கள் முடிவெடுத்துக் கிளம்பியவர்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்து நிற்கிறவர்களுக்கு இரண்டிலுமே நல்ல செய்தி இல்லை.

இப்போது உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். கடிதத்தில் அவருக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு அந்த வாக்கியம்தான் கடிதமே.

ஸ்காட் ஸ்டான்லி, ஹோவர்ட் மார்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1992இல் கமிட்மென்ட்டை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, விரும்பி நிற்பது. இவரோடு இருக்க வேண்டும், இது நன்றாக வர வேண்டும், அதற்காக என் பங்கைச் செய்வேன் என்று நிற்பது. இன்னொன்று, போக முடியாமல் நிற்பது. குழந்தைகள், வீடு, பணம், நாலு பேர் என்ன சொல்வார்கள், இனி எங்கே போவது என்ற கணக்குகள் பிடித்து நிறுத்துவது. எல்லா நீண்ட உறவிலும் இரண்டும் கலந்துதான் இருக்கும். இரண்டாவது வகையும் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு மோசமான வாரத்தில் கோபத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பாமல் நம்மைக் காப்பாற்றுவது பல நேரம் அதுதான். ஆனால் விருப்பம் வற்றிப்போய், போக முடியாமை மட்டும் மிஞ்சினால் அது சிறை.

உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை. ஒருவருடைய முப்பது வருடத்தை ஒரு வாக்கியத்தை வைத்து எடைபோடவும் மாட்டேன். ஆனால் ‘பல்லைக் கடித்துக்கொண்டு’ என்ற வார்த்தை உங்களுடையது. நீங்கள் சிறு வயதிலிருந்து பார்த்தது இரண்டாவது வகையை. ஒரு குழந்தைக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ‘இருந்தால் இப்படித்தான் ஆகும்’ என்று எடுத்துக்கொள்ளும். போகிற வழியைத் திறந்தே வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்று முடிவு கட்டும். பத்து வயதில் அது நியாயமான முடிவு. வேலைக்கும் வயலினுக்கும்கூட அதே விதி ஏன் பரவியது என்று கேட்டால், பயத்துக்கு வகைபிரிக்கத் தெரியாது என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை.

இதில் ஒன்றை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. போக முடியாமை என்பது யாரும் முடிவெடுத்து வருவதில்லை, அது பாட்டுக்குச் சேரும். ஐந்து வருடத்தில் உங்கள் இருவருக்கும் பொதுவான நண்பர்கள் சேர்ந்திருப்பார்கள். அவர் வீட்டில் உங்களைத் தெரிந்திருக்கும். விடுமுறை, பண்டிகை எல்லாம் இன்னாரோடுதான் என்று பழகியிருக்கும். வயது கூடியிருக்கிறது. ‘இனிமேல் புதிதாக யாரையாவது பார்த்து, ஆரம்பத்திலிருந்து...’ என்ற அலுப்பு எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கும். இன்னும் ஐந்து வருடம் ‘பார்க்கலாம்’ என்றே போனால் இவை எல்லாம் இரண்டு மடங்காகும். ஒரு நாள் நீங்கள் அவரோடுதான் இருப்பீர்கள், ஆனால் எப்போது முடிவு செய்தேன் என்று உங்களுக்கே தெரியாது. எதைப் பார்த்து இத்தனை வருடம் ஒதுங்கி ஓடினீர்களோ, விரும்பித் தேர்ந்தெடுக்காமல் போக முடியாமல் இருப்பது, அதைத்தான் இந்தப் ‘பார்க்கலாம்’ கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்டான்லியும் மார்க்மனும் கலீனா ரோட்ஸ் என்பவரோடு சேர்ந்து 2006இல் இதைத்தான் எழுதினார்கள். பல ஜோடிகள் அடுத்தடுத்த கட்டங்களை முடிவு செய்து கடப்பதில்லை, சறுக்கிப் போய்ச் சேர்கிறார்கள், சேர்ந்த பிறகு வெளியே வருவது கடினமாகிவிடுகிறது என்று. என் ஆலோசனை அறைக்கு வரும் தம்பதிகளிடமும் இதைப் பார்க்கிறேன். ‘எப்போது இவரோடுதான் வாழ்வது என்று முடிவு செய்தீர்கள்’ என்று கேட்டால் சிலருக்கு ஒரு நாள், ஒரு இடம், அன்று பேசிய பேச்சு வரை நினைவிருக்கும். சொல்லும்போது சண்டைக்கு நடுவிலும் முகம் மாறும். இன்னும் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்து விழிப்பார்கள். ‘அது... அப்படியே அமைந்துவிட்டது’ என்பார்கள். இரண்டாவது வகையினரோடு செய்ய வேண்டிய வேலை அதிகம்.

அதனால் நான் கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு அவரைத் தெரியாது, ‘நல்லவர்’ என்ற ஒரு சொல் போதாது. முடிவு செய்யுங்கள் என்கிறேன். வேண்டாம் என்பதும் முடிவுதான், அதைத் தாங்கிக்கொள்வேன் என்று அவரே சொல்லிவிட்டார். இதில் உங்களோடு கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. உங்கள் கதவு திறந்திருப்பதற்கான செலவை ஐந்து வருடமாக அவரும் சேர்ந்து கொடுக்கிறார். நீங்கள் தேடிக்கொண்டிருக்கிற நிச்சயத்துக்காக இன்னொருவர் காலவரையில்லாமல் காத்திருக்க வேண்டும் என்பது நியாயமில்லை.

எப்படி முடிவு செய்வது? ‘ஐந்து வருடம் வீணாகிவிடுமே’ என்பதைக் காரணமாக எடுக்காதீர்கள். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், நாடகங்களுக்கான சீசன் டிக்கெட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிடச் சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். யாருக்குத் தள்ளுபடி என்பதைக் குலுக்கல்போலத்தான் தீர்மானித்திருந்தார்கள். கொடுத்த காசு இழுத்துக்கொண்டு போனது. நாடகத்துக்குப் போவதில் நஷ்டமில்லை. வாழ்க்கைத் துணையை அந்தக் கணக்கில் தேர்ந்தெடுத்தால் அம்மாவின் இடத்துக்கு நீங்களே நடந்து போனதாகிவிடும்.

அதற்குப் பதில் இப்படி யோசித்துப் பாருங்கள். நாளை அவரே வந்து, ‘போதும், முடித்துக்கொள்வோம்’ என்றால் உங்களுக்கு முதலில் வருவது நிம்மதியா, பதற்றமா? பதற்றம் என்றால், அது அவரை இழக்கிற பதற்றமா, தனியாக இருக்க வேண்டுமே என்பதா? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரியாது, ஒரு வாரம் மனதில் போட்டு வையுங்கள். உங்களுக்குள் சண்டை வந்தால் எப்படி முடிகிறது என்றும் பாருங்கள். தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள இருவருக்கும் வாய் வருகிறதா? அவருடைய ஒரு சங்கடமான குணம் மாறவே மாறாது என்று வைத்துக்கொண்டாலும் இந்த மனிதரோடு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைக் கழிக்கப் பிடிக்குமா? கல்யாணம் என்பது பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகள்தான்.

அவரிடம் பேசுங்கள். முடிவோடு போக வேண்டியதில்லை, உண்மையோடு போனால் போதும். ‘உன்னைப் பிடிக்காமல் நான் தள்ளிப்போடவில்லை. அம்மாவைப் பார்த்து எனக்குள் ஒரு பயம் இருக்கிறது, அதை இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை’ என்று ஆரம்பிக்கலாம். ஐந்து வருடத்தில் இதை அவரிடம் சொல்லியிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கூடவே ஒரு தேதியும் சொல்லுங்கள். இந்தத் தேதிக்குள் சொல்லிவிடுகிறேன், ஆம் என்றாலும் இல்லை என்றாலும், என்று. நீங்களே குறித்த தேதியாக இருக்கட்டும்.

ஆம் என்று சொன்னாலும் சந்தேகம் அன்றோடு தீர்ந்துவிடாது, இதையும் இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உறுதியாக இருக்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது என்பது நாம் வெளியிலிருந்து நினைத்துக்கொள்வது. வரும். சில மாலைகளில் ‘தப்புப் பண்ணிவிட்டோமோ’ என்று தோன்றும். அந்த எண்ணத்தை உடனே கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல், நேற்றுத் தூக்கம் சரியில்லையா, சொல்லாமல் விட்ட கோபம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப் பழகிவிடுவோம், அவ்வளவுதான். உங்கள் வழக்கம் அந்த எண்ணம் வந்ததும் கதவைப் பார்ப்பது. பழக்கம் மாறக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

வேலை விஷயம் இதைவிடச் சுலபம். மூன்று மாதத்துக்கு வேலைத் தளங்களைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். மூன்று மாதம் என்பது ஆராய்ச்சி சொன்ன கணக்கு இல்லை, என் கணக்கு. நாட்காட்டியில் முடிகிற தேதியைக் குறித்துவையுங்கள். அதுவரை ‘போகலாமா’ என்ற கேள்வி கிடையாது, அந்தத் தேதியில் தாராளமாகக் கேட்கலாம். இடைப்பட்ட நாளில், இந்த வேலையில் நிலைக்கப்போகிற ஒருவர் எதைக் கேட்பாரோ அதை ஒன்றாவது கேளுங்கள். ஒரு பொறுப்பு, ஒரு பயிற்சி, அந்த மேலாளரிடம் ஒரு நேரடிப் பேச்சு. முழு மனதோடு இருந்து பார்த்தபிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மாறுங்கள். அப்போது எடுக்கிற முடிவுக்கு ஆதாரம் இருக்கும்.

வயலினும் கோர்ஸ்களும். முடிக்காததை எல்லாம் முடித்தே ஆக வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை. கார்ஸ்டன் வ்ரோஷ் என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் செய்த ஆய்வுகளில், எட்டாத இலக்கை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர்களின் மனநலம் நன்றாகவே இருந்தது. சிக்கல் விடுவதில் இல்லை, விட்டும் விடாமலும் வைத்திருப்பதில். மூன்று கோர்ஸில் எது இன்னும் வேண்டும் என்று பாருங்கள். ஒன்றுமே வேண்டாம் என்றாலும் சரி. மற்றதை நீக்கிவிடுங்கள், போன பணம் போனதுதான். வயலினை வைத்துக்கொள்வது என்றால், ‘நேரம் கிடைக்கும்போது’ என்று சொல்லாமல், பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் காட்டிய எளிய வழியில், ‘இது முடிந்ததும் அது’ என்று கட்டிவிடுங்கள். சனிக்கிழமை காலை குளித்து முடித்ததும் இருபது நிமிடம், இந்த மாதிரி. அப்படித் திட்டமிடுகிறவர்கள் வெறுமனே ஆசைப்படுகிறவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் வந்த முடிவு. வாசிக்க ஆசையில்லை, வயலின் வைத்திருக்கிற ஆளாக இருக்கத்தான் ஆசை என்றால் யாராவது கற்றுக்கொள்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.

இத்தனையும் உங்கள் கடிதத்தில் இல்லாத சில விஷயங்கள் உண்மையிலேயே இல்லை என்று நம்பி எழுதியது. அவர் உங்களை மட்டம்தட்டுகிறார், கட்டுப்படுத்துகிறார், கை நீட்டுகிறார் என்றால் மேலே சொன்ன எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே உங்கள் தயக்கம் பயம் இல்லை, புத்தி. அதேபோல், முன்பு ரசித்தது எதிலும் ருசியில்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கின்றன, இரண்டு வாரத்துக்கும் மேலாக அப்படித்தான் இருக்கிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். சோர்வு இருக்கும்போது வேலையும் சாரமற்றுத் தெரியும், மனிதர்களும் அப்படித் தெரிவார்கள். அந்த நேரத்தில் பெரிய முடிவு எதுவும் வேண்டாம். பள்ளி நாளிலிருந்தே எதையும் முடிக்க முடியாமல், கவனம் நிற்காமல் தவித்திருக்கிறீர்கள் என்றால் கவனக்குறைபாடு இருக்கிறதா என்றும் பரிசோதிக்கலாம்.

அம்மா விஷயத்தைத் தனியாக ஓர் ஆலோசகரிடம் பேசினால் நல்லது. நீங்கள் பழகுகிறவரும் நீங்களும் சேர்ந்து ஓர் ஆலோசகரைப் பார்ப்பதாக இருந்தால், எதற்காக வந்திருக்கிறோம் என்பதை முதல் அமர்விலேயே சொல்லிவிடுங்கள். உறவை நன்றாக நடத்துவது எப்படி என்பதற்கான ஆலோசனை வேறு, தொடர்வதா வேண்டாமா என்று தெளிவதற்கான ஆலோசனை வேறு. உங்கள் இருவருக்கும் இப்போது வேண்டியது இரண்டாவது. முதலாவதைத் தொடங்கிவிட்டால் அதுவும் இன்னொரு ‘பார்க்கலாம்’ ஆகிவிடும்.